ஜெராஷில் ஒரு ஹதீதா

ஜோர்டானின் ஜெராஷ் நகரத்தை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ரோமானியர் விட்டுச்சென்ற தூண் வரிசைகளும் நீள்வட்ட முற்றமும் ஹாட்ரியன் வளைவும். சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கத்தோடு திரும்பிவிடுகின்றன. நான் பார்க்க வந்தது கிழக்கே இருக்கும் ஊரை. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்ட் கல்லும் கலந்து கட்டிய வீடுகள், ஆளுயர மதில்கள், இரும்பு வாசற்கதவுகள். மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டிகளும், என்றாவது அடுத்த மாடி எழுப்பலாம் என்று நீட்டிவிட்ட கம்பிகளும். ஈராக்கின் ஹதீதாவில் 2005இல் அமெரிக்க மரைன்கள் பொதுமக்களைக் கொன்றதைச் சொல்லி, 2007இல் வெளிவந்த 'பேட்டில் ஃபார் ஹதீதா' படத்தை இயக்குநர் நிக் புரூம்ஃபீல்ட் எடுத்தது இந்த ஊரில்தான். ஹதீதாவாக இதைக் காட்ட செட் போட்டுச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை என்பது தெருவில் நின்று பார்த்தாலே புரிகிறது. அதே கல், அதே தூசி, வெயில் விழும் விதமும் அதுவே. ஆனால் லொகேஷன் மட்டும் படத்தை உண்டாக்கிவிடாது. இந்தத் தெருவுக்குள் வந்து வேலை செய்த ஆட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிறு முதலீட்டில் எடுத்த போர்ப்படம் ஒன்று நெஞ்சைத் தொட்டுவிட்டால், பணம் இல்லாததால்தான் நேர்மை வந்தது என்று சொல்வது விமர்சகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் இல்லாமை எதையும் தருவதில்லை, ஓர் இடத்தைக் காலியாக விடுகிறது, அவ்வளவுதான். அந்தக் காலி இடத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே படம் நிற்கிறது, விழுகிறது. ஆலிவர் ஸ்டோன் சுமார் 60 லட்சம் டாலரில் பிலிப்பைன்ஸில் எடுத்து 1986இல் வெளியிட்ட 'பிளட்டூன்' படத்தில் வியட்நாம் போருக்குப் போய்வந்த டேல் டை வந்து நின்றார். நடிகர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் குழி வெட்டவும் தூக்கம் கெட்டு காவல் நிற்கவும் வைத்தார். படத்தில் முகங்களில் தெரியும் களைப்பில் ஒரு பங்கு அவருடைய வேலை. 'தி ஹர்ட் லாக்கர்' படத்தைக் கேத்ரின் பிக்லோ இதே ஜோர்டானில் சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்தபோது, அம்மானில் அகதிகளாக இருந்த ஈராக்கியர்கள் வந்து நின்றார்கள். புரூம்ஃபீல்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். போரை அறிந்தவரை வைத்து நடிகருக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, அறிந்தவரையே நடிக்க வைத்தார். அமெரிக்க மரைன் படையில் இருந்து வெளியே வந்தவர்கள் மரைன்களாகவும், ஈராக்கை விட்டு ஓடிவந்தவர்கள் ஈராக்கியர்களாகவும் நடித்தார்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்பதைக் காட்ட ஒரு வாசற்கதவு போதும். வீட்டுக்குள் நுழையப்போகும் நான்கு பேர் சுவரை ஒட்டி ஒருவர் முதுகோடு ஒருவர் நெருங்கி நிற்கிறார்கள். பின்னால் நிற்பவன் முன்னால் இருப்பவன் தோளில் கை வைக்கிறான். "தயார்" என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, தோளில் விழும் அந்த அழுத்தம்தான் சொல். முதலாவது ஆள் உள்ளே பாய்ந்து ஒரு மூலையைப் பிடிக்கிறான், இரண்டாவது ஆள் அவனைத் திரும்பிப் பாராமல் எதிர்மூலைக்குப் போகிறான். கண் போகும் பக்கம் துப்பாக்கி முனையும் போகிறது. பயிற்சி பெற்ற நடிகருக்கும் இது வரும். வராதது ஒன்று உண்டு. நூறு வீடுகளில் இதைச் செய்து சலித்தவனின் தோளில் ஒரு தொய்வு இருக்கும். வீரமும் இல்லாமல் பயமும் இல்லாமல், கூலிக்கு மூட்டை இறக்குகிறவன் போல அவன் கதவை நெருங்குவான். கார்ப்பரல் ரமிரெஸாக வரும் எலியட் ரூயிஸ் பதின்ம வயதிலேயே மரைன் படையில் சேர்ந்தவர். ஈராக்கில் காலில் பலத்த காயம்பட்டுத் திரும்பியவர். அவர் நடையை இயக்குநர் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ஈராக்கியர் பக்கத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். அம்மானின் கிழக்கே ஈராக்கியர் குடியேறிய ஹாஷிமி ஷமாலி பகுதிக்குப் போனால் அரபு மொழியே வேறு ஓசையில் விழுகிறது. ஜோர்டான்காரர் நலம் விசாரிக்க ஒரு சொல் வைத்திருக்கிறார், ஈராக்கியர் "ஷக்கு மக்கு" என்பார். இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் கோப்பையில், அதன் பெயர் இஸ்திகான், கறுத்த தேநீர் குடிப்பார். அரபு தெரியாத பார்வையாளருக்கு இந்த வேறுபாடு காதில் விழாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நடிப்பவருக்கு விழும். தன் ஊர்ப் பேச்சில், எழுதிக்கொடுத்த வசனம் இல்லாமல், அடுத்த அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேச விட்டால் உடம்பு தானாக அந்த வீட்டுக்குப் போய்விடுகிறது. படத்தில் ஹதீதாப் பெண் ஹிபாவும் அவள் கணவனும் தெருவில் குண்டு புதைக்கப்படுவதைப் பார்த்துவிடுகிறார்கள். அமெரிக்கரிடம் சொன்னால் புதைத்தவன் கொல்வான், சொல்லாவிட்டால் அமெரிக்கர் சும்மா விடமாட்டார். அந்த வாயடைப்பை அறிந்தவர்களுக்கு இது கதை அல்ல, விட்டுவந்த தெரு.

மனம் விட்டுப்போதல் என்று நாம் சொல்வோமே, அதைத்தான் இந்தப் படம் இரு பக்கமும் காட்டுகிறது. படையாட்கள் கேமராவைப் பார்த்துப் பேசும் தொடக்கத்திலேயே, எதற்காக இங்கே வந்தோம் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ஒருவரை ஒருவர் உயிரோடு ஊருக்குக் கூட்டிப்போவது ஒன்றே மிச்சம் இருக்கும் இலட்சியம். ரமிரெஸ் கெட்ட கனவுகளுக்காக மருத்துவரைப் பார்க்கக் கேட்கிறான். பணிக்காலம் முடியட்டும் என்று பதில் வருகிறது. மறுபக்கம் குண்டு புதைக்கும் அகமது மதவெறியன் அல்ல, முன்னாள் இராணுவ அதிகாரி. 2003 மே மாதம் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமரின் ஆணையால் ஈராக் இராணுவம் கலைக்கப்பட்டபோது லட்சக்கணக்கானோர் சம்பளமும் மரியாதையும் இழந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் காசுக்குக் குண்டு வைக்கிறான். இரண்டு சீருடைகளின் கசப்பையும் ஒரே தெருவில் நிறுத்திப் பார்த்த படங்கள் மிகக் குறைவு. அதனாலேயே இது என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். சுட்டவன் அழுதால் செத்தவனுக்கு என்ன? இஸ்ரேலில் இதற்கு ஒரு சொல்லே உண்டு, "சுட்டுவிட்டு அழுவது" என்று. சாமுவேல் மவோஸின் 'லெபனான்' 2009இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற படம். 1982 லெபனான் போரின் தொடக்கத்தை ஒரு டாங்கிக்குள் இருந்தபடியே சொல்கிறது. மவோஸ் அந்தப் போரில் டாங்கியின் பீரங்கிச் சுடுநராக இருந்தவர். உள்ளே புழுக்கமும் எண்ணெய்ப் பிசுக்கும் நமக்கு மூச்சு முட்டும் அளவுக்கு வருகின்றன. ஆனால் லெபனான் மக்கள் குறிபார்க்கும் கண்ணாடியின் வட்டத்துக்குள் மட்டுமே வருகிறார்கள். அந்தக் குறுகல் டாங்கிக்குள் இருந்தவனின் உண்மை என்பதை ஏற்கிறேன். சாகிறவரின் உண்மை வேறு என்பதையும் ஏற்றாக வேண்டும். ஜெராஷில் நடந்த வேலைக்கு என் மனதில் கூடுதல் மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான். கதவுக்கு வெளியே நிற்பவனை அறிந்தவரும் உள்ளே உட்கார்ந்திருப்பவரை அறிந்தவரும் ஒரே படப்பிடிப்பில் இருந்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் அழவைத்துப் படத்தை முடிப்பது அங்கே சுலபம் அல்ல.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. காயத்தை வேலைக்கு எடுக்கலாமா? கதவை உடைத்து வந்தவர்களிடமிருந்து ஓடிவந்த ஒரு பெண்ணைக் கதவு உடைபடும் காட்சியில் உட்கார வைப்பது எந்த வகையில் தொழில்? ஜோர்டானில் அன்று பெரும்பாலான ஈராக்கியர்களுக்குச் சட்டப்படி வேலை செய்ய வழியில்லை. மறுக்க முடியாத நிலையில் இருப்பவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் அவர்களை விலக்கிவிட்டு வேறு யாரையோ ஈராக்கியராக வேடம் கட்டவைப்பதை நான் நியாயமாக நினைக்கவில்லை. அது காயத்தையும் ஆற்றாது, கூலியையும் தராது. படத்தைக் கதையின் வரிசையிலேயே எடுத்தது ஒரு சரியான முடிவு. முதலில் விருந்து, பிறகு குண்டு, பிறகு வீடு என்று போகும்போது நடிப்பவருக்கு அடுத்து என்ன வருகிறது என்று தெரியும், மனதைத் தயார்செய்துகொள்ள நேரம் கிடைக்கும். பணத்தை மிச்சம் பிடிக்க ஒரே வீட்டுக் காட்சிகளையெல்லாம் ஒரு ஷெட்யூலில் அள்ளிப்போடும் வழக்கத்தை இங்கே விட்டுவிட்டார்கள். அனுபவம் உள்ளவரை ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்ற கணக்கில் வைப்பதை மட்டும் இன்னும் யாரும் விட்டபாடில்லை. டேல் டை போன்றவரின் பெயர் இராணுவ ஆலோசகர் என்று திரையில் தனியாக வருகிறது, அது அவருக்கு உரியது. ஓர் ஈராக்கித் தாய் கதவுச் சத்தம் கேட்டவுடன் எந்தக் குழந்தையை முதலில் தூக்குவாள் என்பதும் அதே தரத்து அறிவு. அதற்கு ஆலோசகர் சம்பளமும் பெயரும் தர வேண்டும்.

நடந்தது என்ன என்பது குறித்தே சர்ச்சை இருக்கையில், படம் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்றும் கேட்கிறார்கள். 2005 நவம்பர் 19 அன்று ஹதீதாவில் சாலையோரக் குண்டில் ஒரு மரைன் இறந்தார். அதற்குப் பின் மரைன்களால் 24 ஈராக்கியப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. இது சர்ச்சை அல்ல. முதலில் வந்த இராணுவ அறிக்கைதான் 15 பேர் குண்டிலேயே இறந்ததாகச் சொன்னது. 'டைம்' இதழ் 2006 மார்ச்சில் வெளியிட்ட செய்திக்குப் பிறகே விஷயம் பெரிதானது. எட்டுப் பேர் மீது வழக்கு வந்தது. ஆறு பேர் மீதானது கைவிடப்பட்டது, ஒருவர் விடுதலையானார். கடைசி ஆள் 2012 ஜனவரியில் கடமையில் அலட்சியம் என்ற குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போகாமல், பதவி குறைக்கப்பட்டதோடு வீடு திரும்பினார். படம் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் முன்னரே வெளிவந்துவிட்டது. கடைசியில் ரமிரெஸ் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து அந்த வீட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கூட்டிவருவதாக நினைத்துப்பார்க்கிறான். நடக்காத ஒன்று. ஜெராஷின் இந்தத் தெருவில் அந்தக் காட்சிக்கு என்று தனியாக எதையும் கட்டியிருக்கத் தேவையில்லை, ஒரு வாசற்கதவும் மதிலை ஒட்டி விழும் வெயிலும் போதும். அந்தக் கையைப் பிடித்து நடந்தவர் ஈராக்கிலிருந்து காயத்தோடு திரும்பிய முன்னாள் மரைன்.