ஓதாத பிள்ளையா, ஓத அஞ்சும் பிள்ளையா?



எங்கள் மக்தபில் அஸர் தொழுகைக்குப் பிறகு நாற்பது பிள்ளைகள் ஓத வருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்கு ஓதிக்கொடுப்பதே என் பணி. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடனேயே அவன் பாடம் படித்து வந்திருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிட முடியும் என்ற எண்ணம் எனக்குள் வேரூன்றியிருந்தது. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எனக்கு உணர்த்தினான். பெற்றோர்களுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், என் குறையை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சிறுவனும் அவனுடைய ஏழு வயதுத் தம்பியும் ஒரே நாளில் மக்தபில் சேர்ந்தவர்கள். தம்பி துடிப்பானவன். நேற்றுக் கொடுத்த பாடத்தை இன்று கைகட்டி நின்று ஒப்பித்துவிடுவான். வகுப்புச் சுவரில் நான் ஓர் அட்டை மாட்டியிருந்தேன். ஒரு சூராவை மனனமாக ஒப்பித்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். பத்து நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒரு பென்சில் பெட்டி பரிசு. தம்பி இரண்டு பெட்டிகள் வாங்கிவிட்டான். அண்ணனின் பெயருக்கு நேரே மூன்று நட்சத்திரங்கள் மட்டுமே இருந்தன.

அண்ணன் ஸூரத்துல் ஆதியாத்தைத் தொடங்குவான். மூன்றாவது வசனத்தில் நின்றுவிடுவான். ஒவ்வொரு நாளும் அதே இடம். ஒருநாள் பொறுமையிழந்து எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும், "தம்பியைப் பார்த்தாவது உனக்கு வெட்கம் வரவில்லையா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். நான் பிரம்பைத் தொடாத ஆசிரியன் என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தவன். நாக்கும் பிரம்பாகும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அவனுக்கு அஸர் நேரம் நெருங்கினாலே வயிற்றுவலி. மருத்துவரிடம் காட்டினார்கள், நோய் எதுவும் இல்லை என்றார். அவனுடைய தாய் தம்பியிடம் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பி, "ஹஜ்ரத், புள்ளைக்கு ஓதி ஊதித் தாங்க" என்று சொல்லியிருந்தார். நானும் ஓதி ஊதிக் கொடுத்தேன். அந்த வலிக்குக் காரணமே நான்தான் என்பதை அறியாமல் அப்படிச் செய்திருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

இரண்டு வாரங்கள் அவன் வரவில்லை. ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று ஸலாம் சொல்ல வாயெடுத்தபோது உள்ளிருந்து ஓதும் குரல் கேட்டது. கண்பார்வை மங்கிய பாட்டியின் அருகில் அமர்ந்து அவன்தான் ஓதிக்கொண்டிருந்தான். ஸூரத்துல் ஆதியாத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓதி முடித்தான். பாட்டி "மாஷா அல்லாஹ்" என்றார். நான் ஸலாம் சொல்லி உள்ளே நுழைந்தேன். என்னைக் கண்டதும் அவன் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக்காக பி.எட். படிக்கும் என் சகோதரியின் மகள் அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, நன்னிகிட்ட மறக்காத பாடம் உங்ககிட்ட மட்டும் எப்படி மறக்கும்?" பிறகு தன் கல்வி உளவியல் பாடநூலை என்னிடம் கொடுத்தாள். மனஅழுத்தம், ஆளுமை, வளர்ச்சி, ஊக்கம் என்ற நான்கு பாடங்களை மட்டும் சில நாள்கள் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொன்றிலும் அந்தச் சிறுவன் தெரிந்தான். நாம் அறிந்தும் கவனிக்காமல் விட்ட நபிவழியும் தெரிந்தது.

முதலாவது மனஅழுத்தம். ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் 1936-ல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை இத்துறைக்கு அடித்தளமிட்டது. துன்பம் எதுவானாலும் உடல் முதலில் அதிர்கிறது; பிறகு தாக்குப்பிடிக்கிறது; நெருக்கடி நீடித்தால் சோர்ந்து விழுகிறது என்று அவர் விளக்கினார். அச்சம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது, வயிறு பிசைகிறது. சிறுவனின் வயிற்றுவலி பொய்யன்று. மனத்தின் அச்சத்தை அவன் உடல் பேசியது. அச்சத்தில் மூழ்கிய மனத்துக்கு, படித்ததை நினைவுகூர இடம் போதாமல் போகிறது. யெர்கிஸ், டாட்சன் என்ற இருவர் 1908-ல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாடம் கடினமாக ஆக ஆக, மென்மையான அழுத்தமே விரைவில் கற்கச் செய்தது. நானோ பாடம் கடினமாகும்போதெல்லாம் குரலை உயர்த்தியவன்.

ஹிரா குகையிலிருந்து நடுங்கியபடி வீடு திரும்பிய நபி (ஸல்) அவர்களுக்கு முதலில் நடந்தது என்ன? போர்த்துமாறு கேட்டார்கள், போர்த்தப்பட்டார்கள். நடுக்கம் தணிந்த பின்னரே நடந்ததைச் சொன்னார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள், நபியவர்கள் உறவைப் பேணுவதையும் பிறர் சுமையைத் தாங்குவதையும் எடுத்துக்கூறி ஆறுதல் அளித்தார்கள். முதலில் அரவணைப்பு, பிறகு செவிசாய்ப்பு, பிறகு நற்பண்புகளை நினைவூட்டல். இந்த நிகழ்வை எத்தனையோ முறை மேடையில் பேசியிருக்கிறேன். என் வகுப்பில் மட்டும் அதன் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன்.

இரண்டாவது ஆளுமை. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் 1956 முதல் குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சில குழந்தைகள் புதியதை எளிதில் ஏற்கின்றன. சில முரண்டு பிடிக்கின்றன. சில தயங்கித் தயங்கி, நேரம் எடுத்துக்கொண்டு நெருங்குகின்றன. இந்த இயல்பு கைக்குழந்தைப் பருவத்திலேயே தென்படுகிறது. எந்த இயல்பு இருந்தாலும் அதற்கு ஏற்ற அணுகுமுறை அமைந்தால் பிள்ளை நன்றாக வளரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அண்ணன் தயங்கி நெருங்குபவன். தம்பிக்குத் தைத்த சட்டையை நான் அண்ணனுக்கு மாட்டப் பார்த்தேன்.

அப்துல் கைஸ் குலத்துத் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தபோது மற்றவர்கள் நபியவர்களை நோக்கி விரைந்தார்கள். அஷஜ் (ரலி) மட்டும் தம் பொருள்களை ஒழுங்குபடுத்தி, நல்லாடை அணிந்து நிதானமாக வந்தார். அல்லாஹ் விரும்பும் இரு பண்புகள் அவரிடம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள்: பொறுமையும் நிதானமும். அவை தாமாகத் தேடிக்கொண்டவையா, அல்லாஹ் தம்மை அப்படிப் படைத்தானா என்று அவர் கேட்டார். அல்லாஹ்வே அவரை அப்படிப் படைத்தான் என்று விடை கிடைத்தது. மெதுவாக வந்தவரை நபியவர்கள் "தாமதித்தாய்" என்று கடியவில்லை. அந்த நிதானத்தையே சிறப்பாகக் கண்டார்கள்.

மூன்றாவது வளர்ச்சி. ஏறத்தாழ ஏழு முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகள் கண்ணால் காணக்கூடியவற்றைப் பற்றித்தான் தெளிவாகச் சிந்திக்கிறார்கள் என்று பியாஜே கூறினார். சொற்களை மட்டும் கொடுத்தால் அவை ஒட்டுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை உருவாகும் பருவம் என்றும், அந்நேரத்தில் திரும்பத் திரும்ப இழிவுபடுத்தினால் தாழ்வுணர்வு குடியேறிவிடும் என்றும் எரிக்சன் எழுதினார். பிள்ளைகளை ஏழு வயதில் தொழும்படி ஏவச் சொன்ன மார்க்கம், கண்டிப்புக்கான வயதாகப் பத்தைக் குறித்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் நாள்தோறும் ஐவேளை அன்போடு அழைத்தால் ஐயாயிரம் அழைப்புகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு பொறுமையை மார்க்கம் நம்மிடம் எதிர்பார்க்கிறது. நானோ ஒரு வாரத்தில் பொறுமை இழந்தேன்.

நான்காவது ஊக்கம். இதுதான் என்னை மிகவும் சுட்டது. லெப்பர் என்பவரும் அவருடைய தோழர்களும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்த பின் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுக்கவே இல்லை. பின்னர், முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோயிற்று. விளையாட்டாக இருந்தது கூலிவேலையாகிவிட்டது. என் சுவர் அட்டை நினைவுக்கு வந்தது. "ஹஜ்ரத், இந்த சூராவுக்கு எத்தனை ஸ்டார்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருந்ததை நான் ஆர்வம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். நிய்யத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே, பிள்ளைகளின் நிய்யத்தைப் பென்சில் பெட்டியின் பக்கம் திருப்பியவன் நான்.

பரிசே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் அப்படிக் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மனிதனை உள்ளிருந்து இயக்குபவை மூன்று என்கிறார்கள் டெசி, ரயான் என்ற அறிஞர்கள்: தானே விரும்பித் தேர்ந்தெடுத்தல், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன்னை நேசிப்போர் இருக்கிறார்கள் என்ற நிறைவு. பாட்டியின் அருகில் அவனுக்கு மூன்றும் கிடைத்தன. என் வகுப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. திக்கித் திணறிச் சிரமத்துடன் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்பது நபிமொழி. அல்லாஹ்விடம் இரண்டு கூலிகள் பெறவேண்டிய பிள்ளைக்கு நான் ஒரு நட்சத்திரத்தையும் மறுத்து, வெட்கத்தைக் கூலியாகக் கொடுத்திருந்தேன்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த அறிவு, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பத்தாம் நூற்றாண்டில் 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். 1377-ல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களின் உற்சாகத்தைப் பறித்து, சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளும் என்று எச்சரித்தார். நம் முன்னோர் நடந்த பாதை இது. நாம்தான் இடையில் விட்டுவிட்டோம்.

சுவர் அட்டையைக் கழற்றினேன். சிறுவனின் வீட்டுக்கு மீண்டும் சென்று, அவனுடைய தாயின் முன்னிலையில் அவனிடம், "நான் சொன்னது தப்பு, மாப்புக் கொடு" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள்கள் கழித்து வந்தான். ஓதுவதற்கு எந்த சூரா வேண்டும் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முதலில் அருகிலிருந்த நண்பனிடம் ஒப்பித்தான். சில வாரங்களுக்குப் பிறகு என்னிடம் தனியாக. ஆதியாத்தின் பொருளை, மூச்சிரைக்க ஓடும் குதிரைகளையும் குளம்படியில் பறக்கும் நெருப்புப் பொறியையும் கிளம்பும் புழுதியையும் ஒரு காட்சியாகச் சொன்னேன். முதன்முறையாக அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: "ஹஜ்ரத், அந்தக் குதிரைக்குக் காலு சுடாதா?"

துபாயில் இருக்கும் அவனுடைய அத்தாவிடமும் தொலைபேசியில் பேசினேன். வெள்ளிதோறும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி எத்தனை சூரா? நீ எத்தனை?" என்பதாம். கணக்கை விட்டுவிட்டு, "இன்னைக்கு எனக்கு ஒரு சூரா ஓதிக் காட்டு வாப்பா" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். பெற்றோர்களே, தொலைவில் இருந்தாலும் அருகில் இருந்தாலும், நீங்களும் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாதீர்கள். நோயின்றி வலி தொடர்ந்தால், உறக்கமோ உணவோ குறைந்தால், துஆவோடு மனநல மருத்துவரையும் நாடுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். மருத்துவம் செய்துகொள்வதும் சுன்னத்தே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவன் இன்னும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறான். ஆண்டு விழா மேடையில் ஏற மறுத்துவிட்டான்; நானும் வற்புறுத்தவில்லை. வயிற்றுவலி வருவதில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் இன்னொருவன் இருக்கிறான். பல ஆண்டுகளுக்கு முன் இதே போல் என் வகுப்பிலிருந்து நின்றுபோனவன். இப்போது வளர்ந்த இளைஞன். கடைத்தெருவில் என்னைக் கண்டால் மறுபக்கம் போய்விடுவான். மரியாதை அறியாதவன் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். சென்ற வாரம் நானே எதிர்ப்பக்கம் போய் அவனுக்கு முதலில் ஸலாம் சொன்னேன். ஒரு கணம் திகைத்தான். பதில் ஸலாம் சொல்லிவிட்டு விரைந்து நடந்தான். நாளையும் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் நாவினால் காயம்பட்ட பிள்ளைகளின் உள்ளங்களை நீ ஆற்றுவாயாக. உன் வேதத்தை அவர்கள் அச்சமின்றி, அன்போடு ஓதும்படி செய்வாயாக. ஆமீன்.