எலியின் பெயர் கொண்ட கார்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

அழகு என்பது பொருளில் இருக்கிறதா, பார்க்கும் கண்ணில் இருக்கிறதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் நம் கல்லூரிக்குச் சலிப்பே வந்ததில்லை. சென்ற ஆண்டு முத்தமிழ் விழாவிலும் அதுவே தலைப்பு. நானும் ஓர் அணியில் நின்று பேசினேன். பரிசாக ஒரு புத்தகமும் பெற்றேன். ஆனால், அன்று நான் பேசியவை என் உள்ளத்தில் ஊறி வந்த சொற்கள் அல்ல என்பதைச் சில மாதங்கள் கழித்துத் துருப்பிடித்த ஒரு கார்தான் எனக்கு உணர்த்தியது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஒரு நாள் மாலை விடுதி நண்பர்களின் அறையில் கூடியிருந்தோம். நண்பன் ஒருவன் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அமெரிக்காவில் ஏதோ ஒரு நெடுஞ்சாலை. அதில் ஒரு கார் உறுமிக்கொண்டு வந்தது. அதைக் கார் என்பதா, காரின் எலும்புக்கூடு என்பதா? மட்கார்டு இல்லை, பம்பர் இல்லை, எஞ்சினை மூடும் பானெட்டும் இல்லை. கூரையை அறுத்துத் தாழ்த்தியிருந்ததால் சன்னல் ஒரு சாண் உயரம்கூட இல்லை. உடம்பெல்லாம் துரு. கதவில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய ஸ்பானரை வெல்டு வைத்திருந்தார்கள்.

“இதுக்குப் பேரு ரேட் ராட். செம கெத்துல்ல?” என்றான் நண்பன். அறையில் இருந்த அனைவரும் “ஆமாண்டா” என்று வியந்தார்கள். நானும் வியந்தேன். ஆனால் என் மனத்தில் ஒரு கேள்வி முள்ளாகத் தைத்தது. பழைய இரும்புக் கடையிலும் துருப்பிடித்த கார்கள் கிடக்கின்றனவே, அவற்றை யாரும் ரேட் ராட் என்பதில்லையே! அப்படியானால் ஒரு காரை ரேட் ராட் ஆக்குவது எது? அந்தக் கேள்வி ஏன் என்னை அவ்வளவு வருத்தியது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் நான் படித்து அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

‘ரேட்’ என்றால் எலி. ‘ராட்’ என்பது ‘ஹாட் ராட்’ என்னும் பெயரிலிருந்து வந்தது. ஆகவே எலியை அறிய வேண்டுமானால் அதன் பாட்டனாகிய ஹாட் ராடை முதலில் அறிய வேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ‘மாடல் டி’ என்னும் காரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாகச் செய்து விற்றது. அடுத்து வந்த ‘மாடல் ஏ’ 1931 வரை ஏறக்குறைய 50 இலட்சம். 1932ஆம் ஆண்டில் எளிய விலைக் காரிலேயே எட்டு உருளைகள் கொண்ட வி-8 எஞ்சினை ஃபோர்டு பொருத்தியது; அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். இவ்வளவு கார்கள் ஓடிய நாட்டில் சில ஆண்டுகளுக்குப் பின் பழைய இரும்புக் கிடங்குகள் நிறைந்து வழிந்ததில் வியப்பென்ன? கலிபோர்னியாவின் தென்பகுதி இளைஞர்கள் அவற்றை மலிவாக வாங்கினார்கள். மொஹாவி பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகள் உண்டு. தரை பலகைபோல் இருக்கும். அங்கே தம் கார்களைக் கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937இல் ஒரு சங்கமே தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, இயந்திரப் பயிற்சியும் கையில் சிறிது பணமுமாக வீரர்கள் ஊர் திரும்பியபோது அந்த ஆர்வம் பெருந்தீயாகப் பற்றிக்கொண்டது. ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே 1948இல் ஓர் இதழ் தொடங்கியது.

அவர்கள் காரை ஏன் அப்படி அறுத்தார்கள்? இயற்பியல் படிக்கும் நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே விசைக்குப் பொருண்மை குறையக் குறைய முடுக்கம் கூடும். ஆகவே மட்கார்டும் பம்பரும் கழன்றன. காற்றின் தடை, காரின் முன்புறப் பரப்பைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அத்தடை நான்கு மடங்காகும். ஆகவே கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்தினார்கள். தரைத்தகட்டை வெட்டி, உடற்கூட்டைச் சேஸின் மேல் இன்னும் கீழே இறக்கினார்கள். சிலர் வண்ணம் பூசாமல் பிரைமரோடு ஓட்டியதற்கும் காரணம் உண்டு. கையில் காசு வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடக்கும். அதுவரை தகடு துருவேறாமல் காக்கப் பிரைமர் போதும். அந்த அலங்கோலத்தில் காரணமில்லாத கீறல் ஒன்றுகூட இல்லை.

காலம் மாறியது. 1950ஆம் ஆண்டு முதல் ஓக்லந்து நகரக் கண்காட்சியில் மிக அழகிய காருக்குப் பரிசு வழங்கத் தொடங்கினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, குரோமியப் பூச்சும் கண்ணாடிபோல் மின்னும் வண்ணமும் பெருகின. ஏழை இளைஞனின் விளையாட்டு, செல்வரின் விளையாட்டாயிற்று. ஓடுவதற்காகப் பிறந்த கார், கல் தெறித்துக் கீறல் விழுமோ என்னும் அச்சத்தால் இன்னொரு வண்டியில் ஏற்றப்பட்டுக் கண்காட்சிக்குச் செல்லலாயிற்று! கால் வலிக்கும் என்று குதிரையைத் தோளில் சுமந்தவன் கதைதான்.

இதைக் கண்டு சலித்தவர்கள் மறுபடியும் இரும்புக் கிடங்குக்குத் திரும்பினார்கள். பழைய ஃபோர்டு உடற்கூடு ஒன்று, 1955இல் பிறந்த செவர்லே வி-8 எஞ்சினின் வழிவந்த ஒன்று, வேறொரு வண்டியின் அச்சு, எங்கோ கிடைத்த இருக்கை என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு ஓட்டுவதற்கு ஒரு கார் செய்தார்கள். பளபளக்கும் கார் வைத்திருந்தவர்கள் இதை எள்ளி ‘எலி’ என்றார்கள். ஹாட் ராட் இதழில் எழுதிய கிரே பாஸ்கர்வில் என்பவரே அப்பெயரை வழக்கில் விட்டவர் எனப் பலரும் கூறுவர். வசையாக வந்த பெயரை இவர்கள் விருதாகச் சூடிக்கொண்டார்கள்.

ஆக, ரேட் ராடின் இலக்கணம் இது: பழைய உடற்கூடு, தாழ்ந்த உருவம், திறந்து கிடக்கும் எஞ்சின், முற்றுப்பெறாத பூச்சு, பல வண்டிகளின் உறுப்புகள். இவற்றுக்கெல்லாம் மேலாக, அது ஓட வேண்டும். ஓடாதது ரேட் ராட் அன்று, வெறும் துரு.

ஆனால் இங்கும் போலி புகுந்துவிட்டது. நல்ல தகட்டின்மேல் உப்பும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து தெளித்து, ஒரே நாளில் துருவை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். அத்துரு உதிராதிருக்க அதன்மேல் மங்கலான வார்னிஷ் அடிப்பவர்களும் உண்டு. ‘பணம் கொடுத்து ஏழை வேடம் போடுவதா?’ என்று பழைய கைகள் சினக்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். அவரிடம் ஒரு மொபெட் இருக்கிறது. அது எந்த நிறுவனத்தின் வண்டி என்று கேட்டால் விடை சொல்வது கடினம். எஞ்சின் ஒன்று, சக்கரங்கள் வேறு. பின்புற மட்கார்டு, பஸ்ஸுக்கு வெட்டிய தகட்டின் மிச்சத்தில் அவரே வளைத்தது. ஸ்டாண்டும் கேரியரும் அவர் கையால் செய்தவை. பட்டறையில் டப்பாவின் அடியில் மிஞ்சிய பெயிண்ட்டைத் தடவியதில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள், எஞ்சிய இடமெல்லாம் ரெட் ஆக்சைடு. காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவ்வண்டியில்தான் என்னைக் கல்லூரியில் இறக்கிவிடுவார்.

முதலாம் ஆண்டில் ஒரு நாள் கல்லூரி வாயிலில் நான் இறங்கியபோது நண்பர்கள் சிலர் நின்றிருந்தார்கள். “எந்தக் காயலான் கடைல புடிச்சீங்க?” என்று ஒருவன் கேட்டான்; எல்லாரும் சிரித்தார்கள். “யாரு அவரு?” என்று இன்னொருவன் கேட்டான். “பக்கத்து வீட்டுக்காரர்” என்றேன்.

என் தந்தையார் அப்போது வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் சொல் அவர் காதில் விழுந்ததா, இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மறுநாள் முதல், “பாலத்துக்கிட்டயே எறக்கி உடுங்கப்பா, நடந்து போயிக்கறேன்” என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. ஈராண்டுகள் அப்படியே கழிந்தன. அன்று வாயிலில் சிரித்தவர்களுள் ஒருவன்தான், விடுதி அறையில் ரேட் ராடைக் காட்டிக் ‘கெத்து’ என்றவன். அவனைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. அவன் சிரித்தான், நானோ மறைத்தேன்.

அந்த வாரக் கடைசியில், இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையாரிடம் அப்படங்களைக் காட்டினேன். “இதுக்குப் பேரு ரேட் ராடுங்கப்பா” என்றேன்.

“ராடுன்னா நம்ம வெல்டிங் ராடா சாமி?”

“இல்லீங்கப்பா, காரோட பேரு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் துருவைப் பார்த்தோம். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. படத்தைப் பெரிதாக்கி இணைப்புகளை மட்டும் பார்த்தார். ஒன்றைக் காட்டி, “வெல்டு நல்லா உள்ள எறங்கியிருக்குது. கை பழகுன ஆளு” என்றார். இன்னொரு படத்தில், முன் அச்சைத் தாங்கும் கமான் பட்டையைச் சேஸுக்கு முன்னால் நீட்டியிருந்த ஒரு தாங்கியில் பொருத்தியிருந்தார்கள். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது ஆகாது கண்ணு. மேலாப்புல அப்பி வெச்சிருக்கறான். ஒரு குழியில எறங்குனா உட்டுரும்” என்றார். அத்தகைய அமைப்புக்கு அமெரிக்காவில் ‘தற்கொலை அச்சு’ என்றே பெயர், தாங்கி முறிந்தால் முன்புறம் தரையில் குத்தும் என்று நான் படித்ததைச் சொன்னேன். “பேரையாவது ஒழுங்கா வெச்சிருக்கறாங்களே” என்று சிரித்தார்.

துருவை வரவழைக்கும் கலவையைப் பற்றிச் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை. “துருவைச் சொரண்டிச் சொரண்டி எங்கையி தேஞ்சு போச்சு. அதைக் காசு குடுத்து வர வெக்கறாங்களா?” என்றார்.

நான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். “அப்ப நம்ம வண்டியும் இதே மாதிரிதானுங்களே அப்பா?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். பிறகு, “இல்ல கண்ணு. அவங்க பெயிண்ட்டு வேண்டாம்னு உட்டிருக்கறாங்க. நான் முடியாம உட்டிருக்கறேன். காசிருந்தா நானும் நல்லா ஒரே கலரா அடிச்சிருப்பேன்” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா எங்க வெல்டு ஒண்ணும் உடாது” என்றார்.

என் கேள்விக்கு விடை அத்திண்ணையில்தான் கிடைத்தது. துரு காரை ரேட் ராட் ஆக்குவதில்லை. பூச முடிந்தும் பூசாமல் விட்ட மனமே ஆக்குகிறது. அது ஒரு சுவை. அதில் பிழையும் இல்லை. என் தந்தையாரின் மொபெட்டுக்கு அப்பெயரைச் சூட்டிப் பெருமை கொண்டாடினால் அதுவும் ஒரு பொய்யே. பொத்தல் சட்டையை விரும்பி அணிபவனும், மாற்றுச் சட்டை இல்லாதவனும் ஒருவர் அல்லர். அவர் வண்டி ரேட் ராடுக்கு அன்று, பாலைவன ஏரியில் வேகம் பார்த்த அந்தப் பழைய இளைஞர்களின் கார்களுக்குத்தான் உறவு. இல்லாமையும் கைத்திறனும் சேர்ந்து பெற்ற பிள்ளைகள் இரண்டும். அத்திறனைக் கண்டு மகிழ எனக்கு அமெரிக்கப் பெயர் ஒன்று தேவைப்பட்டதே என்பதுதான் என் வெட்கம்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல் பாலத்தருகே வண்டி நின்றது. நான் இறங்கவில்லை.

“கேட்டுக்கே போங்கப்பா” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. வண்டி மட்டும் புறப்பட்டது. வாயிலில் நண்பர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே, “எங்கப்பா. இந்த வண்டி அவரே செஞ்சது” என்றேன். ஒருவன் குனிந்து அந்த ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தான். என் தந்தையார் கூச்சத்தோடு, “நேரமாச்சு, வர்றேன் சாமி” என்று சொல்லி எஞ்சினை முடுக்கினார்.

அடுத்த ஆண்டு நான் வேலைக்குச் செல்வேனோ, மேற்படிப்புக்குச் செல்வேனோ அறியேன். முதல் சம்பளம் வந்ததும் அவ்வண்டிக்கு நல்ல பெயிண்ட் வாங்கித் தர எண்ணியிருக்கிறேன். என்ன நிறம் என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும்.