மேற்கோள்களை எண்ணுவதும் படிப்பதும்

தொற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியல் மதிப்பீட்டுக்கு வந்தால், மொத்த மேற்கோள் எண்ணிக்கையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது ஆண்டுகளை. ஒரு கட்டுரை எப்போது வந்தது, மற்றவர்கள் எப்போது அதை எடுத்தாளத் தொடங்கினார்கள் என்று ஒப்பிட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத்தந்தது கல்கத்தாவின் நோயியல் அறிஞர் சம்பு நாத் தேயின் பட்டியல். 1953இல் அவரும் உடன் பணியாற்றிய ஒருவரும் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனைகளிலும் நூலால் கட்டி, நடுவே காலராக் கிருமியைச் செலுத்தினார்கள். கட்டிய துண்டு நீர் கோத்துப் புடைத்தது. 1956இல் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை கிருமிகளையும் தே அதே முறையில் சோதித்தார். 1959இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடல் புடைத்தது. உடலின் நீரைக் குடலுக்குள் இறக்குவது காலராக் கிருமி வெளியிடும் நச்சு என்பது தெளிவாயிற்று. காலராக் கிருமியை இனங்கண்ட ராபர்ட் கோக் 1884இல் இதை ஊகித்ததற்கு 75 ஆண்டுகள் கழித்துச் சான்று கிடைத்தது. 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிட்டது.

தொடக்கத்தில் அதை எடுத்தாண்டவர்கள் குறைவு. 1969இல் ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பலுட்டோவும் அந்த நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். 1978இல், ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்குத் தே அழைக்கப்பட்டார். 1985இல் அவர் காலமானார். மேற்கோள் அட்டவணையை 1964இல் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்டே, தே மறைந்த மறு ஆண்டு அவருடைய தாக்கத்தை அலசிக் கட்டுரை எழுதினார்.

இன்று நாம் கையாளும் எச்-இண்டெக்ஸை 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தார். தலா 20 முறையாவது எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் 20 இருந்தால் ஒருவரின் எண் 20. எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை அது தாண்டவே முடியாது. ஒரே கட்டுரையால் ஒரு துறையின் திசையைத் திருப்பியவருக்கும் அதில் சேர்வது ஒன்றுதான்.

ஆகவே எடுத்தாண்ட கட்டுரைகளையே திறந்து பார்க்கிறேன். முன்னுரையில், பத்துப் பெயர்களோடு ஒன்றாக வரும் மேற்கோள் பெரும்பாலும் மரியாதைக்கு வைத்தது. செய்முறைப் பகுதியில் வந்தால் யாரோ அந்த முறையைத் தம் ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். விவாதப் பகுதியில் மறுத்து எழுதியிருந்தால் அதையும் மதிப்பேன். மறுப்பதற்கும் ஊன்றிப் படித்திருக்க வேண்டும். இன்னொரு நிலையும் உண்டு. கண்டுபிடிப்பு பாடப்புத்தக அறிவாகிவிட்டால் மூலக்கட்டுரையை யாரும் குறிப்பிடுவதில்லை. காலராக் கிருமியைப் பற்றி எழுதும் எத்தனை பேர் கோக்கை மேற்கோள் காட்டுகிறார்கள்?

தொற்றுநோய்த் துறையில் காலத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2020இல் சுமார் 79ஆக இருந்த 'லான்செட்' இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள் எண்) 2021இல் 202ஐத் தாண்டியது. கோவிட் வந்ததும் உலகமே ஒரு நோயைப் பற்றி எழுதியது. அதே ஆண்டுகளில் தொழுநோயையோ காலா அசாரையோ ஆராய்ந்தவரின் சிறிய எண், அந்த நோய்களுக்கு உலகம் தரும் கவனத்தின் அளவு. அதை அவருடைய திறமையின் அளவாக நான் எழுத மாட்டேன்.

இதழின் எண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்கிறது. அதைக் கடைப்பிடிக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்: விண்ணப்பதாரரின் சிறந்த ஐந்து கட்டுரைகளையும் அவற்றைக் கையாண்டவர்களின் கட்டுரைகளையும் படித்து, இவர் செய்ததால் மற்றவர்களுக்கு எது இயன்றது என்று மதிப்பீட்டில் ஒரு பத்தி எழுதுவது. அதற்கு ஒரு பகல் முழுக்கப் பிடிக்கலாம். ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததை மதிப்பிட அந்த ஒரு பகலைத் தருவது நம் கடமை.