காரின் ஒலியும் அப்பாவின் செவியும்

வழக்கமாகக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் இப்பக்கத்தில் இன்று கார் ஸ்பீக்கரைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க. கடந்த இரண்டு மாதங்களில் கற்றுக்கொண்டது என் ஆய்வுக்கும் பொருந்துவதால் பதிந்துவைக்கத் தோன்றியது.

சனிக்கிழமைதோறும் அப்பாவை மயூர் விகாரிலிருந்து ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பாராபுல்லா மேம்பாலத்தில் ஏறியதும் அவர் ஒரு நாகசுரக் கச்சேரியை ஒலிக்கவிடுவார். ஓராண்டாகவே ஒலியளவை முழுதும் திருப்பிவிடுகிறார். கதவுகள் அதிரும், நாகசுரம் கரகரக்கும். குறைக்கச் சொன்னால், "ஸ்பீக்கர் போயிடுச்சுப்பா, ஒண்ணுமே தெளிவா கேக்கல" என்பார். காதைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று இருமுறை சொன்னேன். இருமுறையும் அன்று இரவு வரை அவர் என்னோடு பேசவில்லை.

கார் ஒன்பது ஆண்டுப் பழையது. காகிதக் கூம்பும் சிறு காந்தமும் கொண்ட அதன் ஸ்பீக்கர்கள்மீது பழி சொல்ல இடமிருந்தது. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையான 37,000 ரூபாயில் ஏறத்தாழப் பாதியை, 18,000 ரூபாயை, வரம்பாக வைத்துக்கொண்டு கரோல் பாக் சென்றேன்.

கடைக்காரர் முதலில் சப்வூஃபரையும் ஆம்ப்ளிஃபயரையும் காட்டினார். எங்கள் காரின் மியூசிக் சிஸ்டத்தில் '50 வாட் × 4' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இஞ்சின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அதைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவின்றித் தரக்கூடிய திறன், கோட்பாட்டளவில்கூட 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்டுக்கும் குறைவு. அதற்குமேல் திருப்பினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பே மிஞ்சும். ஆம்ப்ளிஃபயர் வைத்துத் திறனை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இருமடங்கு உரக்க ஒலிப்பதாகச் செவி உணர ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்ததோ உரப்பு அன்று, தெளிவு. ஆகவே அவை இரண்டையும் விட்டுவிட்டு, கதவிலிருந்து தொடங்கினோம்.

காரில் ஸ்பீக்கருக்குப் பெட்டி கதவுதான். கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் இழுக்கிறது. கதவின் உள்தகட்டிலுள்ள பெரிய துளைகள் வழியே பின்னலை வெளிவந்து முன்னலையோடு கலந்தால், தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அத்துளைகளை மூடி, வெளித்தகட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் விரிப்பைப் பதித்தோம். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது. அடைத்தால் உள்ளே நீர் தேங்கித் துருப்பிடிக்கும். இந்த வேலையால் சாலை இரைச்சலும் குறைந்தது. தாழ்ந்த இரைச்சல் தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் இயல்புடையது என்பதால், இதுவே பெரிய ஆதாயம்.

முன்கதவுகளுக்கு மட்டும் கம்போனென்ட் ஸ்பீக்கர் வாங்கினேன். வூஃபர் கதவில், ட்வீட்டர் முன்கண்ணாடியை ஒட்டிய தூணில். பின்னால் எவரும் அமர்வதில்லை; அங்கே பழையவையே இருக்கின்றன. கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து இணைக்கச் சொன்னேன். முதலில் இடப்புறத்தில் பிளஸ், மைனஸ் மாறியிருந்ததால் பேஸ் மெலிந்து ஒலித்தது, மாற்றியதும் சரியாயிற்று. ஸ்பீக்கர் 8,500, கதவு விரிப்பு 4,500, கூலியும் கப்ளரும் 2,000. ஆக 15,000 ரூபாய்.

அடுத்த சனிக்கிழமை அப்பா அதே கச்சேரியைப் போட்டார். ஒலியளவு பாதியைத் தாண்டவில்லை. நாகசுரமும் தவிலும் தனித்தனியே நின்றன. நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. இவங்க தாளம் மட்டும் போடலையா?" என்றார்.

கைத்தாளம் மணிமணியாக விழுந்துகொண்டிருந்தது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒலியை அணைத்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

ஸ்பீக்கரை மாற்றியதில் அவருடைய சாக்கைப் பறிக்கும் எண்ணமும் எனக்கு ஓரளவு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிடத்தில் வென்றதாக எதுவும் தோன்றவில்லை. மேலும், அவர் சொன்னது பொய்யும் அன்று. ஸ்பீக்கரிலும் குறை இருந்தது, செவியிலும் இருந்தது. இரண்டும் கலந்து கிடந்தவரை ஒன்றைச் சுட்டி மற்றொன்றை மறுக்க முடிந்தது. அவர் செவியை மறுத்தார், நான் ஸ்பீக்கரை மறுத்தேன். மைப்படியில் எழுத்துத் தெளிவில்லை என்றால், கல் தேய்ந்திருக்கிறது என்று எழுதிவிடாதே, முதலில் இன்னொரு நல்ல மைப்படி எடு என்று எங்களுக்குக் கற்பிப்பார்கள். அந்தப் பொறுமையை நான் கல்லுக்குக் கொடுத்த அளவு அப்பாவுக்குக் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவரே கேட்டார்: "அந்தக் காது டெஸ்ட்... எங்க எடுக்கணும்னு சொன்னே?"

மீதமிருந்த 3,000 ரூபாய் அதற்குப் பயன்பட்டது. ஆடியோகிராமில் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகச் சென்று, அதன்பின் சரிந்து இறங்குகிறது. முதுமையில் செவி இழக்கத் தொடங்குவது உயர்ந்த அதிர்வெண்களையே. உயிரொலிகள் உரக்கக் கேட்கும். ச, ஸ போன்ற மெய்கள் நழுவும். அதனால்தான் ஒலியளவை எவ்வளவு திருப்பினாலும் அவருக்குத் தெளிவு வரவில்லை. செவித்துணைக் கருவி எல்லாவற்றையும் உரக்கச் செய்வதில்லை. இழந்த பகுதியை மட்டும் உயர்த்தித் தருகிறது.

கருவி அடுத்த வாரம் வருகிறது. காரில் அந்தக் கச்சேரியை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.