பூவா தலையா, பிட்காயினா?



பிட்காயின் சூதாட்டமா என்று பலர் கேட்கிறீர்கள். சூதாட்டக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

நாணயம் சுண்டுகிறோம். பூ விழுந்தால் 100 ரூபாய் வரவு, தலை விழுந்தால் 100 போச்சு. சமமான ஆட்டம். கிரிப்டோவில் அப்படியில்லை. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஆக, ஜெயித்தால் 70, தோற்றால் 100. நூற்றுக்கு சுமார் 59 தடவை ஜெயித்தால்தான் கைமுதலாவது தேறும். செஸ் வரியை நான் சேர்க்கவே இல்லை!

தேர்ந்த சூதாடி எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் வைக்கமாட்டான். 1956-இல் ஜான் கெல்லி தந்த சூத்திரப்படி, 60 சதவீதம் ஜெயிக்கக்கூடிய சம ஆட்டத்திலும் கையிருப்பில் 20 சதவீதமே வைக்கலாம். நமக்குச் சாதகமில்லாத ஆட்டத்தில் பூஜ்யம். எனக்குப் பிடித்தது அந்தப் பூஜ்யம்தான்.

என் மாணவன் ஒருவன் மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கப் போகிறானாம். 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போன பிட்காயின் மறு நவம்பரில் 16,000-க்கும் கீழே இறங்கியது. "அப்புறம் ஏறியதே சார்" என்கிறான். ஏறியது உண்மை. அதுவரை அடகுக்கடை வட்டி காத்திருக்குமா?

தம்பி, நகையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் எனக்கு ஒரு போன் போடு.