பனிநில வேடர்தம் காலணி

செருப்பினைத் 'தொடுதோல்' என வழங்கின சங்க நூல்கள். சுடுமணலுக்கும் முள்ளுக்கும் அஞ்சிக் காலணி பூண்ட மரபினராகிய நாம், குளிருக்கு அஞ்சிப் பூணுவதன் அருமையை எளிதில் உணர்வதில்லை.

வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் வேடர், சீல் என்னும் கடல்விலங்கு மூச்சுவிட எழும் பனித்துளையருகே நெடுநேரம் அசையாது நிற்பது மரபு. நடப்பவன் கால் நடையாலேயே வெம்மை பெறும். நிற்பவனுக்கு அத்துணையும் இல்லை. ஆதலின், 'கமிக்' எனும் அவர்தம் காலணியைச் சீல் தோலால் அமைத்து, அதனுள் மயிர்ப்புறம் காலைத் தழுவுமாறு காரிபூ மான்தோல் உறையை அணிந்தனர். பெண்டிர் அதனை விலங்கின் தசைநாரால் தைத்தனர். நனைந்ததும் நார் பருத்து ஊசித்துளையை அடைத்துவிடும். என்னே நுட்பம்!

அத்தகைய குளிர்நிலங்களில் இன்று கடையில் பூட்ஸ் வாங்குவோர், காலுறைகளை மிகுதியாகத் திணித்தால் வெம்மை மிகும் என எண்ணுவதுண்டு. இறுகிய காலணி குருதியோட்டத்தைத் தடுத்து விரலை விறைக்கச் செய்யும். தடித்த உறையை அணிந்தே அளவு பார்த்து, விரல் அசைய இடம்விட்டு வாங்குதல் வேண்டும். நமக்கு உற்ற துணையாகிய பருத்தி, வியர்வையைத் தேக்கிவைத்து ஆங்குப் பகையாகிறது. கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு வெம்மை காக்கும். மாற்றுறை ஒன்று பையில் இருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், உறையத் தொடங்கிய விரல் முதலில் இழப்பது உணர்ச்சியையே. வலி நின்றதைக் குளிர் தணிந்ததாகக் கருதி வேடன் மேலும் காத்து நிற்பான்.