கொட்டாங்குச்சியில் ஒரு வரவேற்பு

காவா என்றதும் காபிக்குத் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். அது மிளகுக்கும் வெற்றிலைக்கும் பங்காளி. மூன்றும் 'பைப்பர்' என்ற ஒரே பேரினத்துச் செடிகள். மிளகில் மணி, வெற்றிலையில் இலை, காவாவில் வேர். பசிபிக் தீவுகளில் அந்த வேரைப் பொடித்துத் தண்ணீரில் பிசைந்து குடிக்கிறார்கள். பிஜியில் அதன் பெயர் யங்கோனா. 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் (1903 முதல் சென்னையிலிருந்தும் போனார்கள்) வாரிசுகள் அதைக் 'கிராக்' என்பார்கள். நம்மூர் கிராக் அல்ல!

பிஜி கிராமம் ஒன்றுக்குப் புதிதாகப் போகிறவர் கையில் ஒரு கட்டு யங்கோனா வேர் இருக்க வேண்டும். அதை ஊர்த் தலைவர் முன் வைத்து, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இதற்கு 'செவுசெவு' என்று பெயர். அவர் ஏற்றுக்கொண்டால் வந்தவர் ஊருக்கு விருந்தாளி. தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டியதுதான்.

நடுவில் 'தனோவா' என்ற பெரிய மரத்தொட்டி. அதில் இருப்பதைப் பார்த்தால் மழைக்காலத்துச் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். முதலில் தலைவர் குடிப்பார். பிறகு ஒவ்வொருவராக முறை வரும். கொட்டாங்குச்சி தன்னிடம் வந்ததும் புதியவர் ஒருமுறை கை தட்டி, 'புலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். குடித்து முடித்ததும் மூன்று கைதட்டல். ருசி? மண்வாசனை, கொஞ்சம் கசப்பு. சற்று நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், அது காவாவின் குணம்.

இது சாராயம் அல்ல. சாராயம் குரலை உயர்த்தும், காவா தாழ்த்தும். வனுவாட்டுவில் இன்னும் கெட்டியாகக் கலக்குவார்கள். அங்கே 'நகமால்' எனப்படும் காவா கூடங்களில் சாயங்காலம் மங்கிய வெளிச்சத்தில் ஆட்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். சத்தமாகப் பேசும் வழக்கமுள்ள புதியவருக்கு அதுதான் முதல் பரீட்சை.

அதற்காக இது அமிர்தம் என்றும் சொல்லிவிட முடியாது. நாள்தோறும் அளவில்லாமல் குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். கல்லீரலைக் கெடுக்குமோ என்ற அச்சத்தில் ஜெர்மனி 2002-ல் காவா மருந்துகளைத் தடை செய்தது. 2014-ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். காவா விதை போட்டு முளைக்காது. ஒருவர் தண்டை வெட்டிக் கொடுக்க, இன்னொருவர் நட வேண்டும். அறுவடைக்குக் குறைந்தது மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் புயல் வந்தால் எல்லாம் போச்சு! 2015-ல் பாம் புயல் வனுவாட்டுவையும், 2016-ல் வின்ஸ்டன் புயல் பிஜியையும் புரட்டிப் போட்டன. பிஜியில் காவா விலை எகிறியது. வெளிநாடுகளிலும் கிராக்கி கூடியது. ஆஸ்திரேலியா 2021 டிசம்பரில் வணிக இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது.

விளைவிக்கிற குடும்பத்துக்கு இது நல்ல சேதிதான். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வழி பிறக்கும். ஆனால் அதே ஊரில் காவா விளைவிக்காதவரும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேர்க்கட்டு கொண்டுபோயாக வேண்டுமே! விலை ஏறினால் தேவை குறையும் என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம். துக்க வீட்டு வாசலில் அந்தப் பாடம் செல்லாது. "இந்த மாதம் விலை ஜாஸ்தி, அதனால் வெறுங்கையோடு வந்தேன்" என்று யார் சொல்வார்கள்?

சும்மா கிடைக்கிறது என்று நினைத்துப் புதியவர் குடிக்கும் அந்த ஒரு கொட்டாங்குச்சியில் ஒரு விவசாயியின் மூன்று வருட உழைப்பு இருக்கிறது. சந்தையில் நல்ல விலைக்குப் போயிருக்கக் கூடிய வேரை, முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கரைத்திருக்கிறார்கள். அதனால் முதல் சுற்றை மறுக்காமல் வாங்கிக்கொள்வதே மரியாதை. எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் 'லோ டைட்' என்று சொல்லலாம், பாதிதான் ஊற்றுவார்கள். 'ஹை டைட்' என்றால் முழுசு. 'சுனாமி' என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடாதீர்கள்!